வேகமான டிஸ்க்குக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? பல வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) ஹார்டு டிஸ்க், 7200 ஆர்பிஎம், சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி (சுழலும் தகட்டுக்குப் பதில் மெமரி சிப்பில் சேமிப்பது), அப்புறம் என்விஎம்இ (இன்னும் வேகமான இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி) என்று நான்கையும் வருடக்கணக்கில் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். காசுக்கு ஏற்ற வித்தியாசம் எனக்கு உண்மையில் தெரிந்தது ஒரே ஒரு தாவலில்தான்: ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு எஸ்எஸ்டிக்குப் போனபோது.

5400இலிருந்து 7200க்குப் போவதில் பெரிதாக ஒன்றுமில்லை. வேண்டிய தகவல் வந்து சேரத் தகடு சராசரியாகப் பாதிச் சுற்று சுற்ற வேண்டும், அதற்கு 5400இல் சுமார் 5.6 மில்லிசெகண்ட், 7200இல் 4.2. மிச்சமாவது ஒன்றரை மில்லிசெகண்ட்கூட இல்லை. அதோடு தகட்டைப் படிக்கும் ஹெட் இடம் மாற இன்னொரு எட்டு, பத்து மில்லிசெகண்ட் போகிறது, ஆக எப்படிப் பார்த்தாலும் செகண்டுக்கு நூறு சின்ன வாசிப்புகளைத் தாண்டுவதே பெரும்பாடு. விண்டோஸ் ஏறும்போது அது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை. டெஸ்க்டாப் வந்த பிறகும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும், மவுஸ் நகரும், ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் திறக்காது. அந்த எரிச்சல் 7200 போட்டும் போகவில்லை, சத்தமும் சூடும்தான் கொஞ்சம் கூடின. 10,000 ஆர்பிஎம் டிஸ்க்குகளும் ஒரு காலத்தில் வந்தன, வெஸ்டர்ன் டிஜிட்டலின் ராப்டர் 2003இல் வந்தபோது அதுதான் பலருக்குக் கனவு. இன்று மலிவான எஸ்எஸ்டிகூட அதை எளிதாக முந்திவிடும்.

எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. ஒரு வாசிப்புக்கு 0.1 மில்லிசெகண்ட் அளவுதான். பழைய லேப்டாப்பில் வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் போட்டாலே புது மெஷின் மாதிரி ஆகிவிடுகிறது. இதற்குக் கொடுத்த காசு பற்றி எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை.

சரி, அதற்கு மேலே? சாட்டா செகண்டுக்கு 550 எம்பி பக்கம் நின்றுவிடும். என்விஎம்இ ஓடும் பிசிஐஇ இணைப்பின் 3.0 தலைமுறை என்றால் 3500, 4.0 என்றால் 7000. எண்ணைப் பார்த்தால் பன்னிரண்டு மடங்கு. ஆனால் பிரவுசர் திறப்பதிலோ, பூட் ஆவதிலோ, ஆபீஸ் வேலையிலோ கண்ணைக் கட்டிவிட்டு எது எது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. பெட்டியில் போட்டிருப்பது பெரிய ஃபைலை ஒரே மூச்சில் படிக்கும் வேகம். சின்ன ஃபைல்களை ஒவ்வொன்றாகப் படிக்கும்போது எல்லா எஸ்எஸ்டியும் நூறு எம்பிக்குக் கீழேதான் பெரும்பாலும் ஓடுகின்றன, விலை உயர்ந்ததும் அப்படித்தான்.

வீடியோ எடிட்டிங் வேறு கதை. பெரிய ஃபைல்களை நாள் முழுவதும் நகர்த்துபவருக்கு அந்த வேகம் நிஜமாகவே நேரத்தை மிச்சப்படுத்தும். அங்கேயும் ஒரு கண் வைக்க வேண்டும்: என்னிடம் உள்ள ஒரு க்யூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் மலிவு வகை) எஸ்எஸ்டியில் பெரிய ஃபோல்டரைக் காப்பி செய்தால் முதலில் பறக்கும், கேஷ் (டிரைவுக்குள் இருக்கும் வேகமான தற்காலிக இடம்) நிறைந்ததும் காப்பி கிராஃப் சரேலென்று விழுந்து ஹார்டு டிஸ்க் வேகத்துக்கு வந்து படுத்துக்கொள்ளும். டிரைவ் முக்கால்வாசி நிரம்பியிருந்தால் இன்னும் சீக்கிரமே விழுகிறது. மிக வேகமானவை ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாவிட்டால் சூடாகித் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் சேர்த்தே செலவுக் கணக்கு போடுங்கள்.

அதனால் இப்போது சிஸ்டத்துக்கு ஒரு நடுத்தர டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்) என்விஎம்இ, படங்களுக்கும் பேக்கப்புக்கும் மெதுவான 5400 ஹார்டு டிஸ்க் என்று வைத்திருக்கிறேன். மிஞ்சும் காசை வேகத்தில் போடாமல் கொள்ளளவிலோ ரேமிலோ போடுவேன். வாங்கும் முன் உங்கள் மதர்போர்டில் இருக்கும் எம்.2 ஸ்லாட் (ஸ்டிக் வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) என்விஎம்இயை ஏற்குமா, சாட்டாவை மட்டும் ஏற்குமா என்று மேனுவலில் பார்த்துவிடுங்கள். இரண்டு ஸ்டிக்கும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்.