சாம்பார் கறைக்கு எலுமிச்சையா, ஆப்ப சோடாவா, வெயிலா?

வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்திவிட்டால் பந்தியில் இருக்கும் ஆளுக்கு ஆள் ஒரு வைத்தியம் சொல்வார்கள். எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கச் சொல்வார் ஒருவர், ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசச் சொல்வார் இன்னொருவர், வினிகரில் ஊறப்போடச் சொல்வார் மற்றொருவர். என் ஓட்டு வெயிலுக்குத்தான். காரணத்தைச் சொல்கிறேன்.

சாம்பார் கறையில் தாளித்த எண்ணெயும் இருக்கிறது, மஞ்சள் தூளும் இருக்கிறது. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். நூலுக்குள் இறங்கும் எண்ணெய் நிறத்தையும் கூட்டிக்கொண்டு இறங்குகிறது. அதனால் முதலில் எண்ணெயைக் கவனிக்க வேண்டும். பருப்பையும் காயையும் ஸ்பூன் விளிம்பால் வழித்து எடுங்கள், தேய்க்க வேண்டாம். அதன்மேல் அரிசி மாவைத் தூவி அரை மணி நேரம் விட்டு உதறினால் எண்ணெயில் கொஞ்சம் மாவோடு வந்துவிடும். கடலை மாவும் இதே வேலையைச் செய்யும். சீயக்காய் எண்ணெயை நன்றாகவே எடுக்கும், ஆனால் வெள்ளைத் துணியில் தன் பழுப்பை விட்டுவிட்டுப் போகும். வேட்டிக்கு அது வேண்டாம்.

அடுத்து மஞ்சள். சோப்பு பட்டதும் கறை சட்டென்று சிவந்துவிடும், பார்த்தவர்கள் பதறிப்போவார்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதேதான் இது. காரம் (மிளகாய்க் காரம் அல்ல, சோப்பு, சுண்ணாம்பு போல அமிலத்துக்கு எதிரான பொருள்) பட்டால் குர்குமின் சிவக்கும், அமிலம் பட்டால் திரும்ப மஞ்சளாகும். எலுமிச்சைக்கு இவ்வளவு பேர் வந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். சோப்பால் சிவந்த இடத்தில் அரை மூடி எலுமிச்சையைத் தேய்த்துப் பாருங்கள், சிவப்பு கண்ணெதிரே மறையும். கறை போகிறது என்று தோன்றும். உண்மையில் நிறம்தான் மாறியிருக்கிறது, குர்குமின் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அமிலத்தில் அது இன்னும் நிலையாகவே இருக்கும். வினிகருக்கும் இதே கதைதான்.

ஆப்ப சோடா எதிர்ப்பக்கம். காரத்தில் குர்குமின் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். ஆனால் ஆப்ப சோடா மிக மென்மையான காரம். சாதாரண துணி சோப்புக் கட்டி அதைவிட வலுவான காரம், எண்ணெயையும் சேர்த்து எடுக்கும். சோப்பு கையில் இருக்கும்போது சோடாவுக்கு இங்கே பெரிய வேலை இல்லை. சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து ஊற்றும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பொங்கி நுரைப்பதைப் பார்த்தால் ஏதோ நடப்பதுபோல இருக்கும். காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்.

வெயில் இவற்றிலிருந்து வேறுபட்டது. வெளிச்சம் பட்டால் குர்குமின் உடைந்து நிறம் இழக்கும். சோப்புப் போட்டு அலசிய வேட்டியை, ஈரத்தோடு, கறை வானத்தைப் பார்க்கும்படி உச்சி வெயிலில் விரித்துப்போடுங்கள். காயக் காயத் தண்ணீர் தெளியுங்கள். சாயங்காலம் எடுக்கும்போது விளிம்பில் லேசான மஞ்சள் வளையம் மட்டும் மிஞ்சியிருக்கலாம், மறுநாள் வெயிலில் அதுவும் போகும். மிளகாய்த்தூளின் சிவப்பும் வெளிச்சத்தில் வெளிறும் என்பதால் ஊறுகாய்க் கறைக்கும் இதே வழிதான். மழை நாளில் மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. கறை முழுக்கப் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள், சூடு பட்டால் எண்ணெய் நூலோடு இறுகிவிடும்.

சாயத் துணியில் வெயில் சாயத்தையும் சேர்த்து வெளுக்கும், அங்கே சோப்போடு நிறுத்திக்கொள்வதே நல்லது. பட்டுக்கு சோடாவும் ஆகாது, சோப்பும் ஆகாது, சரிகையில் எலுமிச்சையும் படக் கூடாது. பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிய தண்ணீரில் மெதுவாக அலசலாம். விலை உயர்ந்த புடவை என்றால் மாவைத் தூவிவிட்டு நேரே டிரை கிளீனிங் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

எலுமிச்சையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. டிக்காஷன் கறையிலும், ஆணியில் மாட்டிய துரு கறையிலும் அது சோடாவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பால் கலந்த டீ, காபி என்றால் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் ஊற்றினால் பாலின் புரதம் துணியோடு ஒட்டிக்கொள்ளும். முட்டைக்கும் அப்படியே.

வாழைக்கறை மட்டும் இதில் எதற்கும் மசியாது. வாழைப்பூ ஆயும்போது கைக்கு நல்லெண்ணெய் தடவிக்கொள்கிறோம். துணிக்கு அந்த வழியும் இல்லை, பழைய நைட்டியோ லுங்கியோ கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.