0.2 எதற்கு? ஐவாட்டா எக்லிப்ஸ் வாங்கிய கதை

ஸ்கேல் மாடலுக்கு, அதாவது நிஜ விமானம், டாங்கியின் சிறிய பிளாஸ்டிக் வடிவத்துக்கு, பெயிண்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது நாசில் (பெயிண்ட் வெளிவரும் முனை) அளவைத்தான். 0.2 மி.மீ. என்றால் கோடு மெல்லிசாக விழும், எனவே அதுதான் உசத்தி என்று ஒரு நம்பிக்கை. என்னிடம் இருப்பது ஐவாட்டா எக்லிப்ஸ் எச்பி-சிஎஸ். நாசில் 0.35. நான் செய்வது பெரும்பாலும் 1/48 அளவில் (நிஜத்தில் 48-ல் ஒரு பங்கு) இரண்டாம் உலகப்போர் விமானங்கள்; அதற்கு இது தாராளம். என்னைக் கேட்டால், அளவை அப்புறம் பாருங்கள், கழற்றிக் கழுவ எவ்வளவு சுலபம் என்று முதலில் பாருங்கள் என்பேன்.

ஏர்பிரஷ் வேலையில் பாதி கழுவுகிற வேலைதான். அக்ரிலிக் பெயிண்ட், நாசிலுக்குள் இருக்கும் ஊசியின் முனையில் காய்ந்து ஒட்டும். காற்று வரும், பெயிண்ட் வராது. டிரிகரை இன்னும் கொஞ்சம் இழுத்தால் மொத்தமாகத் துப்பும். நடு இறக்கையில் இப்படி ஆனால் உடனே நாசிலைக் கழற்றித் துடைக்க வேண்டும். எக்லிப்ஸில் முன்மூடியை விரலால் திருகினாலே போதும், நாசில் கைக்கு வந்துவிடும். அதற்கு மரை கிடையாது. தன் இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், மூடிதான் அழுத்திப் பிடிக்கிறது.

மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத ஏர்பிரஷ்கள் பலவற்றில் நாசில் அரிசி மணியை விடச் சிறியது. அதற்கு ஒரு மரை, அதைத் திருக ஒரு குட்டி ஸ்பேனர். ஒரு சுற்று அதிகமாக முறுக்கினால் மரை முறிந்து பாதி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதற்காக மரை நாசில் எல்லாமே மட்டம் என்றில்லை. ஜிஎஸ்ஐ கிரியோஸின் புரோகான் பாய் பிஎஸ்-289 அந்த வகைதான், 0.3 மி.மீ., காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகு உடம்பிலேயே உண்டு, நல்ல கருவி. பொறுமையான கைக்குத்தான் அது சரி. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

மெல்லிய கோடு விஷயத்துக்கு வருவோம். மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-6 என்ற ஜெர்மன் போர் விமானம் செய்தவர்களுக்குத் தெரியும், பக்கவாட்டில் வெளிர் சாம்பல் மேல் அடர் சாம்பல் திட்டுகள் புகை மாதிரி விழ வேண்டும். தாமியாவின் எக்ஸ்எஃப் வரிசை பெயிண்ட் ஒரு பங்குக்கு, அதை நீர்க்கச் செய்யும் லாக்கர் தின்னர் இரண்டு பங்கு, காற்றழுத்தம் 12 பி.எஸ்.ஐ. அளவில், முனை பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி. டிரிகரை அழுத்தினால் காற்று, மெல்லப் பின்னுக்கு இழுத்தால் பெயிண்ட். இந்த டபுள் ஆக்‌ஷன் இல்லாத ஏர்பிரஷைத் தொடவே வேண்டாம். கலவையும் அழுத்தமும் சரியாக இருந்தால் 0.35-லேயே திட்டு அழகாக விழுகிறது. கலவை கெட்டியாக இருந்தால் 0.2 வைத்திருந்தும் புண்ணியமில்லை, இன்னும் சீக்கிரம் அடைக்கும். பிரைமர் (முதலில் அடிக்கும் அடிப்பூச்சு), மெட்டாலிக் எல்லாம் 0.2-இல் பெரும் தலைவலி.

எக்லிப்ஸில் பெயிண்ட் ஊற்றும் கப் 9 மி.லி., உடம்போடு ஒட்டியது, கழற்ற முடியாது. இறக்கை முழுக்க ஒரே நிறம் அடிக்கும்போது வசதி. நாலு சொட்டு போட்டுத் திட்டு வைக்கும்போது அது கண்ணுக்குக் குறுக்கே நிற்கிறது. அந்த இடத்தில் ஜெர்மனியின் ஹார்டர் & ஸ்டீன்பெக் எவல்யூஷன் சில்வர்லைன் டூ இன் ஒன் முந்துகிறது: 2 மி.லி., 5 மி.லி. என்று இரண்டு கப், மாற்றிப் பூட்டலாம், 0.2, 0.4 இரண்டு நாசிலும் பெட்டியிலேயே வரும், கழற்றவும் ஸ்பேனர் வேண்டாம். கையில் காசு இருந்து, ஒரே ஏர்பிரஷில் எல்லாம் முடிய வேண்டும் என்பவர்கள் அதைப் பார்க்கலாம். 1/35 டாங்கி மட்டும் செய்கிறவர்களுக்கு இது இரண்டுமே அதிகம். 0.5 நாசில் உள்ள பேட்ஜர் பேட்ரியாட் 105 போதும்.

எக்லிப்ஸுக்கே ஐந்து இலக்கத்தில் விலை வரும். அதை வாங்கிவிட்டு, அதற்குக் காற்று தரும் கம்ப்ரசரில் மிச்சம் பிடிக்காதீர்கள். டாங்க் இல்லாத சின்ன கம்ப்ரசரில் காற்று துடித்துத் துடித்து வரும், கோட்டிலும் அது தெரியும். மூன்று லிட்டர் டாங்க், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், காற்றின் ஈரத்தைப் பிடிக்கும் வாட்டர் டிராப் மூன்றும் இருக்க வேண்டும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் வாட்டர் டிராப் இல்லாமல் அடித்தால் குழாயில் சேர்ந்த தண்ணீர் பெயிண்டோடு சேர்ந்து தெறிக்கும். லாக்கர் அடிக்கிறவர்களுக்கு ஆவி வடிக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்கும் வேண்டும். தூசுக்குப் போடும் துணி மாஸ்க் தின்னர் வாடையைத் தடுக்காது.

அப்புறம், ஆர்டர் போடும்போதே ஊசி ஒன்று கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏர்பிரஷ் மேஜையிலிருந்து விழுந்தால் முதலில் வளைவது ஊசியின் முனைதான். அவசரத்துக்குத் தேடினால் உள்ளூர்க் கடையில் கிடைப்பது அபூர்வம்.