எலக்ட்ரானிக் டிரம்: ஹெட்போனா ஸ்பீக்கரா, யூஎஸ்பியா இன்டர்ஃபேஸா?

கோலாலம்பூரில் எலக்ட்ரானிக் டிரம் வாங்குகிற நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். செந்தூலிலோ செராஸிலோ அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு, கீழ்வீட்டுக்காரர் மேனேஜ்மெண்ட் ஆபீஸுக்குப் போகாதபடி வாசித்துப் பழக நினைப்பவர் ஒரு ரகம். சனிக்கிழமை இரவு கல்யாண வரவேற்பிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்திலும் பேண்டோடு வாசிக்கிறவர் இன்னொரு ரகம். கிட் (டிரம் செட்) இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் கடைக்குப் போனால் இருவருக்கும் ஒரே 'டிரம் ஆம்ப்'பைத்தான் காட்டுவார்கள். என் கணக்கில் முதலாமவருக்கு அது தேவையே இல்லை, இரண்டாமவருக்கு அது போதாது.

வீட்டில் வாசிக்க

வீட்டுக்கு ஹெட்போன்தான். காதை முழுக்க மூடும் வகையாகப் பாருங்கள். மெஷ் ஹெட்டாக (வலைத்துணி பேட்) இருந்தாலும் குச்சி படும் 'டக் டக்' கொஞ்சம் கேட்கத்தான் செய்யும். ரப்பர் சிம்பல் அதைவிட மோசம். மூடிய ஹெட்போன் அதை வெளியே நிறுத்திவிடும், அதனால் வால்யூமை ஏற்றிக் காதைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஓம் எண்ணையும் (மின்தடை அளவு) கவனிக்க வேண்டும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என மூன்று விதமாக வருகிறது. ஆரம்பநிலை மாட்யூல்கள் (பேடில் அடிப்பதை ஒலியாக மாற்றும் பெட்டி) 250 ஓமைத் தள்ளத் திணறும், 32 அல்லது 80 எடுத்தால் பிரச்சினை இல்லை. ஆடியோ-டெக்னிக்கா எம்40எக்ஸ் 35 ஓம்தான், எதில் செருகினாலும் பாடும். புளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டாம். அதில் சாதாரணமாக 100 முதல் 200 மில்லி விநாடி வரை ஒலி பிந்தும். நிமிடத்துக்கு 120 தாள அடி என்ற வேகத்தில் ஒரு பதினாறாம் ஸ்வரத்தின் (தாள அடியில் கால் பங்கு) நீளமே 125 மில்லி விநாடி. நீங்கள் அடித்தது அடுத்த அடி விழும் நேரத்தில்தான் காதுக்கு வரும்.

ஹெட்போன் போட்டுவிட்டோம், இனி சத்தமே இல்லை என்று நினைத்தால் கீழ்வீட்டில் போய் நின்று கேட்டுப் பாருங்கள். பாட்டும் இல்லை, தாளமும் இல்லை, கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) பெடலின் 'தொம் தொம்' மட்டும் கூரையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும். அது காற்று வழியாக வரும் சத்தம் இல்லை, தரை வழியாக இறங்கும் அதிர்வு. கார்ப்பெட் அதைத் தடுக்காது. இரண்டு பலகைகளுக்கு நடுவில் டென்னிஸ் பந்துகளை வரிசையாகப் பதித்து ஒரு மேடை செய்து, அதன்மேல் கிட்டை வையுங்கள். ஆம்புக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சின்னப் பங்கு இதற்குப் போதும், அக்கம்பக்கத்து உறவும் கெடாது.

பாட்டு மிக்ஸ் செய்கிறவர்கள் வீட்டில் ஸ்டூடியோ மானிட்டர் இருக்கும். யமஹா எச்எஸ்5 போன்ற 5 அங்குல மானிட்டர் 54 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக இறங்காது. கிக்கின் அடிவயிறு அங்கேதான் இருக்கிறது. மெதுவாக வைத்துக் கேட்கலாம், அவ்வளவுதான்.

வெளியே வாசிக்க

கிட்டார் ஆம்ப்பை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதன் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸ் அளவிலேயே சரியத் தொடங்கிவிடும். சிம்பலின் சீறலும் ஹைஹேட்டின் கூர்மையும் அதற்கு மேலேதான். ஸ்னேர் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல வரும். பேஸ் ஆம்ப்பில் கிக் நன்றாக இருக்கும், மேல்பக்கம் மங்கிவிடும். கீபோர்டு ஆம்ப் இவற்றைவிட எவ்வளவோ மேல். ரோலண்ட் கேசி-200, 100 வாட், 12 அங்குலம். வீட்டில் கீபோர்டு வாசிப்பவர் இருந்தால் இருவருக்கும் ஒன்றே போதும்.

உண்மையான போட்டி டிரம் மானிட்டருக்கும் (கடையில் காட்டும் அதே 'டிரம் ஆம்ப்') பவர்டு பிஏ ஸ்பீக்கருக்கும் (ஆம்ப் உள்ளேயே இருக்கும் மேடை ஸ்பீக்கர்) இடையில்தான். ரோலண்ட் பிஎம்-100 என்பது 80 வாட், 10 அங்குலம். பிஎம்-200 என்பது 180 வாட், 12 அங்குலம். 80-லிருந்து 180 என்றால் இரண்டு மடங்குக்கு மேல் என்று தோன்றும், காதுக்கு அது ஏறக்குறைய மூன்றரை டெசிபல் வித்தியாசம்தான். வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல், பத்து மடங்கானால் 10 டெசிபல், கணக்கு அப்படித்தான் போகிறது. டிரம் ஒலியில் சராசரிக்கும் உச்சிக்கும் உள்ள தூரம் அதிகம். ஸ்னேரின் ஒரு ரிம்ஷாட் (விளிம்போடு சேர்த்து அடிக்கும் அடி) கண்ணிமைக்கும் நேரத்தில் மேலே போய் இறங்கும். அந்த நொடிக்குத் தாங்கும் தெம்பு இல்லாவிட்டால் ஒலி உடையும். வீட்டு கரோக்கே செட்டில் டிரம்மைச் செருகி ட்வீட்டரை (கூர்மையான ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) கருக்குவது இப்படித்தான்.

யமஹா டிபிஆர்10 தொடர்ந்து 325 வாட், உச்சிக்கு 700 வாட் தரும். எடை 10.5 கிலோ, ஒரு கையால் தூக்கி ஸ்டாண்டில் மாட்டலாம். டிரம் மானிட்டரின் வசதி அதன் அமைப்பில் இருக்கிறது. தரையில் வைத்தால் முகம் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கும், போனில் பாட்டுப் போட்டுக் கூடவே வாசிக்கத் தனி இன்புட் இருக்கும். பயிற்சி அறைக்கு அது சுகம். ஆனால் கல்யாணத்தில் உங்கள் மானிட்டராகவும், சின்னப் பிறந்தநாள் விழாவில் முழுப் பேண்டின் ஸ்பீக்கராகவும், தேவாலயத்தில் பாடகர் மைக்குக்கும் ஒரே பெட்டி உழைக்க வேண்டுமென்றால் பிஏ ஸ்பீக்கரைத்தான் வாங்குவேன். 10 அங்குலத்தில் கிக் நெஞ்சில் இடிக்காது. அது வேண்டுமென்றால் 12 அங்குலம், இல்லாவிட்டால் தனி சப்வூஃபர். டேவானில் (விழா மண்டபத்தில்) அந்த வேலையை அங்குள்ள பெரிய செட்டே பார்த்துக்கொள்ளும்.

எது வாங்கினாலும் சிக்கல் வயரில்தான் வரும். விழாக்களில் சவுண்ட்காரர் சொல்வார்: "தம்பி, லெஃப்ட் மட்டும் குடு, போதும்." மாட்யூலின் பின்னால் 'எல்/மோனோ' என்று எழுதியிருப்பதால் அவர் சொல்வது சரிதான். அதில் மட்டும் வயர் இருந்தால் மாட்யூல் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மோனோவாகத் தரும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? காலியாக இருக்கிறதே என்று ரைட் ஜேக்கில் உங்கள் சொந்த மானிட்டரைச் செருகுகிறீர்கள். அந்த நொடியே மாட்யூல் ஸ்டீரியோவுக்கு மாறிவிடும். வலப்பக்கம் ஒதுக்கியிருந்த ஃப்ளோர் டாமும் ரைடும் மண்டபத்துக்குப் பாதிதான் போகும். மேடையில் உங்களுக்கோ ஹைஹேட் தேய்ந்து கேட்கும். யாருக்கும் காரணம் புரியாது. இதைத் தவிர்க்க, மாட்யூலுக்குள் எல்லாவற்றின் 'பான்'னையும் (இட-வலப் பங்கீடு) நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். அல்லது எல், ஆர் இரண்டையும் டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வழியாக அவருக்கே கொடுத்து, உங்கள் மானிட்டருக்கு மிக்சரிலிருந்து ஒரு லைன் கேட்கலாம். நான் இரண்டாவதையே கேட்பேன். பாடகர் குரலும் அதில் சேர்ந்து வரும்.

இன்னொரு பொறி ஹெட்போன் ஜேக்கில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு ஸ்டீரியோ வயரை எடுத்து மிக்சரின் பேலன்ஸ்டு மோனோ இன்புட்டில் (இரண்டு கம்பிகளின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் இன்புட்) நேரே செருகினால், மிக்சர் இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். நடுவில் இருக்கும் கிக்கும் ஸ்னேரும் காணாமல் போய், ரிவர்பும் டாமின் ஓரங்களும் மட்டும் மிஞ்சும். ஒரு ஸ்டீரியோ முனையை இரண்டு மோனோ முனையாகப் பிரிக்கும் 'ஒய்' கேபிள் ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள்.

கம்ப்யூட்டரோடு சேர்க்க

மூன்று வழி உண்டு. யூஎஸ்பி மிடியில் ஒலி போகாது, எந்த பேடை எவ்வளவு பலமாக அடித்தீர்கள் என்ற தகவல் மட்டும் போகும். யூஎஸ்பி ஆடியோவில் மாட்யூலின் ஒலியே டிஜிட்டலாகப் போகும். மூன்றாவது, எல், ஆர் வயரை ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி) லைன் இன்புட்டில் செருகும் பழைய முறை. ஐந்து முள் மிடி கேபிளும் இன்னும் இருக்கிறது. 1983-இல் வந்த அந்த முறையில் ஓர் அடியின் தகவல் போக ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி ஆகும், அதனால் மெதுவானது என்று பயப்பட வேண்டாம். இன்டர்ஃபேஸில் மிடி இன்புட் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வாசித்த வீடியோவை வலையேற்றுவது மட்டும்தான் நோக்கம் என்றால் யூஎஸ்பி ஆடியோவை மிஞ்ச ஒன்றும் இல்லை. ரோலண்ட் டிடி-27 அந்த ஒரே வயரில் 28 தடங்களை அனுப்பும். கிக் தனி, ஸ்னேர் தனி என்று பிறகு உட்கார்ந்து மிக்ஸ் செய்யலாம். விண்டோஸில் ரோலண்டின் டிரைவரைப் போட்டு, மாட்யூல் மெனுவில் டிரைவர் மோடை 'வெண்டர்' என்று மாற்ற வேண்டும். 'ஜெனரிக்'கில் விட்டுவிட்டு ஆடியோ வரவில்லை என்று கேபிளை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. எதில் பதிவு செய்தாலும் கூடவே மிடியையும் ஒரு தடத்தில் பிடித்து வையுங்கள். ஸ்னேர் ஒலி பிடிக்காவிட்டால் மறுபடி வாசிக்காமலே மாற்றிக்கொள்ளலாம்.

மாட்யூலின் ஒலியே சலித்துவிட்டது என்பவருக்கு மிடியும் மென்பொருளும். சுப்பீரியர் டிரம்மர் 3-இன் ஒலிக் கிடங்கு மட்டும் 230 ஜிபிக்கு மேல், பழைய லேப்டாப் அழுதுவிடும். ஈஸி டிரம்மர் 3 இலேசானது. ஸ்டீவன் ஸ்லேட் டிரம்ஸ் 5-க்கு இலவசப் பதிப்பு இருக்கிறது, அதில் தொடங்குவதே புத்திசாலித்தனம். மென்பொருளில் உங்கள் கிட்டின் பெயருள்ள மேப்பை (எந்த பேடுக்கு எந்த ஒலி என்ற பட்டியல்) தேர்ந்தெடுக்காவிட்டால் ஹைஹேட் பெடல் பாதி திறந்த நிலையைக் காட்டாது. ஒவ்வோர் அடியும் இரண்டு தடவை கேட்டால் மாட்யூலின் 'லோக்கல் கன்ட்ரோல்' (அடித்ததும் மாட்யூல் தன் ஒலியையும் எழுப்பும் அமைப்பு) ஆஃப் ஆகவில்லை என்று அர்த்தம்.

லேட்டன்சி (அடிப்பதற்கும் கேட்பதற்கும் இடையிலான தாமதம்) என்ற பூதம் இங்கேதான் வரும். 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 128 என்றால் 2.9 மில்லி விநாடி, 256 என்றால் 5.8, 512 என்றால் 11.6. இது ஒலி உள்ளே போகவோ வெளியே வரவோ, ஒரு திசைக்கான கணக்கு, டிரைவரும் கருவியும் இதற்கு மேல் கொஞ்சம் கூட்டும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகிறது என்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள். இரண்டு மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் வைத்து வாசிப்பவர் 6 மில்லி விநாடி தாமதத்தை உணராமலே வாசிக்கிறார். ஆகவே ஹெட்போனில் 128 போதும், லேப்டாப் தாங்கினால் 64. மேக்கில் தனி டிரைவர் வேலை குறைவு. விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் கட்டாயம்.

மாட்யூலிலேயே யூஎஸ்பி ஆடியோ இருந்தால் புது இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டாம். மென்பொருளில் அதே மாட்யூலை ஒலி வெளியேறும் வழியாகத் தேர்ந்தெடுத்தால் மாட்யூலின் ஹெட்போன் ஜேக்கிலேயே கேட்கும். அலிசிஸ் நைட்ரோ மெஷ் போல யூஎஸ்பியில் மிடி மட்டும் உள்ளவற்றுக்குத்தான் இரண்டு இன்புட் இன்டர்ஃபேஸ் அவசியம்.

உருமி ஒலியை பேடில் ஏற்ற ஆசைப்படுபவர்கள் நம்மிடையே உண்டு. டிடி-17-இல் எஸ்டி கார்டு வழியாக வேவ் கோப்பை ஏற்றலாம், கம்ப்யூட்டரும் வேண்டாம், லேட்டன்சியும் இல்லை. அடிக்கும் பக்கம் நன்றாக வரும். வளைந்த குச்சியால் தேய்க்கும் அந்த முனகல் ஒரே ஒலித்துண்டில் அடங்காது. அதற்கு ஆள்தான் வேண்டும்.

லேப்டாப்பைச் சேர்த்ததும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பேட்டரியில் இரைச்சல் நின்றுவிட்டால் கிரவுண்ட் லூப் (எர்த் இணைப்பு இரண்டு வழியாகச் சுற்றுவது) என்று தெரிந்துகொள்ளலாம். கிரவுண்ட் லிஃப்ட் (அந்தச் சுற்றைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) உள்ள டிஐ பாக்ஸ் அதைத் தீர்க்கும். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றிவிடச் சொல்லும் நண்பர் யாராவது இருப்பார், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். கேபிள் என்று பார்த்தால் பல மாட்யூல்களுக்குப் பிரிண்டருக்குப் போடும் அதே பி வகைதான், லோ யாட் பிளாசாவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். 5 மீட்டருக்கு மேல் போகாமல் வாங்கி, ஹப்பில் போடாமல் லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள்.