டியூப் மாறியது நான்கு முறை, ரிம்மைப் பார்த்தது ஒரு முறைகூட இல்லை

வீட்டுக்குள் ட்ரெய்னரில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு எட்டு வாரத்தில் ஐந்து பஞ்சர். ஐந்துமே பின் சக்கரம். அந்த எட்டு வாரமும் சைக்கிள் எங்கள் வீட்டு ஹாலைத் தாண்டவே இல்லை.

மனைவிக்கு இரவுப் பணி, குழந்தை சின்னது. அதனால் விடிகாலையில் ரோட்டுக்குப் போக முடியாமல் ட்ரெய்னர் வாங்கினேன். சைக்கிளை நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் தாங்கி அது; என்னுடையது பின் டயரை ஒரு உருளையில் அழுத்தி வைத்து ஓட்டும் வகை. அதில் ஏற்றுவதற்கு முன்னால் கோவையில் நல்ல பெயருள்ள ஒரு கடையில் 1,800 ரூபாய் கொடுத்து முழு சர்வீஸ் செய்தேன். பஞ்சர் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

முதல் தடவை, "முள் ஏறியிருக்கும் சார்" என்றார்கள். வண்டி வெளியே போகவில்லை என்றேன். "அப்போ முன்னாடியே ஏறினதா இருக்கும்" என்று டியூப்பை மாற்றினார்கள். டியூப் 450, கூலி 150. இரண்டாவது தடவை, டியூப் சரக்கே சரியில்லை என்றார்கள். மறுபடியும் 600. மூன்றாவது தடவை, உருளையின் சூட்டில் சாதாரண டயர் தாங்காது என்று 3,200 ரூபாய்க்கு ட்ரெய்னர் டயர் ஒன்றை விற்றார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. உருளையில் ரோடு டயர் சீக்கிரம் தேயும், தொட்டால் சுடும். ஆனால் என் டியூப்பில் ஓட்டை விழுந்ததற்கும் டயருக்கும் சம்பந்தமே இல்லை. புது டயர் போட்டு ஒன்பதாம் நாள் மறுபடியும் காற்று இறங்கியது. நீங்கள் உருளையை அதிகமாக இறுக்குகிறீர்கள் என்று அப்போது என் மேலேயே பழி போட்டார்கள். நான்கு தடவையும் பழைய டியூப் நேராகக் குப்பைக்கூடைக்குப் போனது. ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஒருவரும் எனக்குக் காட்டவில்லை.

ஐந்தாவது பஞ்சருக்குச் சக்கரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு, சிங்காநல்லூரில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன சைக்கிள் கடைக்குப் போனேன். அங்கே இருக்கும் பெரியவர் ட்ரெய்னரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. டயரில் கம்பெனி பெயர் இருக்கும் இடத்தில், வால்வுக்கு நேராகச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அப்புறம்தான் டியூப்பை உருவினார். காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். குமிழி வந்தது டயரைத் தொடும் பக்கத்திலிருந்து இல்லை, உள் பக்கத்திலிருந்து, ரிம்மைத் தொடும் பக்கத்திலிருந்து.

"தம்பி, இது வெளிய குத்துனது இல்லீங்க. உள்ள இருந்து குத்துனது" என்றார்.

டியூப்பின் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்றாக, பொட்டு வைத்த மாதிரி வட்டத் தடங்கள். அதில் ஒரு தடத்தின் ஓரத்தில்தான் ஓட்டை. ரிம்மில் கம்பிகளுக்கான துளைகள் 32. அவற்றை மூடும் ரிம் டேப், 12 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய பிளாஸ்டிக். ரிம்மின் உள் அகலமோ 17. டேப் ஒரு பக்கமாக ஒதுங்கி, பாதித் துளைகளின் விளிம்பு வெளியே தெரிந்தது.

ரோடு சைக்கிளில் நான் வைக்கும் காற்றழுத்தம் 100 பிஎஸ்ஐ. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ. எட்டு மில்லிமீட்டர் துளைக்கு மேலே டியூப்பை மூன்றரைக் கிலோ விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்கிறது. ட்ரெய்னரில் டயர் சூடாகும், எதிர்க்காற்று இல்லாததால் சீக்கிரம் ஆறவும் ஆறாது. உள்ளே 20 டிகிரி ஏறினாலே 100 என்பது 107ஐத் தாண்டிவிடும். பிளாஸ்டிக் இளகும், டியூப் துளைக்குள் பிதுங்கும், கூரான விளிம்பு அறுக்கும். முன் சக்கரத்துக்கு ஒன்றும் ஆகாததற்கும் இப்போது எனக்குக் காரணம் புரிந்தது. அது சுற்றவே இல்லை, சூடாகவும் இல்லை.

துளை விளிம்புகளை அவர் அரத்தால் மெதுவாக ராவினார். 18 மில்லிமீட்டர் துணி டேப் அவரிடம் இல்லை. நான் வேறிடத்தில் 250 ரூபாய்க்கு வாங்கி வந்து கொடுத்தேன், ஒட்டினார். "புது டியூப் எதுக்குங்க, இதுவே ஓடும்" என்று அதே டியூப்பில் பஞ்சர் ஒட்டி 80 ரூபாய் வாங்கிக்கொண்டார். மூன்று மாதமாகிறது. வாரம் ஐந்து நாள், ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன். அதே டியூப்தான்.

தயவுசெய்து பழைய டியூப்பைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பணத்தில் வாங்கியது அது. ஓட்டை உள் பக்கம் என்றால் ரிம் டேப்பைப் பாருங்கள். வெளிப் பக்கம் என்றால் டயருக்குள் கம்பித் துணுக்கு ஏதாவது சிக்கியிருக்கும், துணியால் தடவினால் மாட்டும். வால்வு அடியில் கிழிந்திருந்தால் டயர் ரிம்மில் வழுக்கி வால்வை இழுக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால், மேடு பள்ளமே இல்லாத ட்ரெய்னரில் அது பெரும்பாலும் டயரை மாட்டும்போது லீவர் கடித்தது.

வீட்டுக்கு வந்து பழைய பில்லைத் தேடி எடுத்தேன். சர்வீஸ் பில்லிலேயே "ரிம் டேப் மாற்றம், 120 ரூபாய்" என்று இருந்தது. கம்பெனி போட்டிருந்த சரியான டேப்பை எடுத்துவிட்டு அந்த 12 மில்லிமீட்டர் டேப்பைப் போட்டதே அவர்கள்தான்! டேப்பையும் ஓட்டையின் புகைப்படத்தையும் கொண்டுபோய்க் காட்டினேன். அடுத்த சர்வீஸில் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். எனக்கு வேண்டியது தள்ளுபடி இல்லை. நான்கு டியூப்புக்கும் டயருக்கும் கொடுத்த 5,600 ரூபாய். தர மறுத்துவிட்டார்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனுக் கொடுக்கலாம். அந்த டேப், பில்கள், ஓட்டையின் புகைப்படம் எல்லாம் ஒரு கவரில் பத்திரமாக இருக்கின்றன.