கிரோன் நோய்க்கு எந்தப் பத்தியம்? அடுப்படியிலிருந்து ஓர் ஒப்பீடு

என் மகனுக்கு 13 வயதில், குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோய் என்று உறுதியான வாரத்திலேயே வீட்டில் ஆலோசனைகள் குவியத் தொடங்கிவிட்டன. நான்கு மாதத்தில் 38 கிலோவிலிருந்து 33 கிலோவுக்கு இறங்கியிருந்த பிள்ளைக்குப் புழுங்கலரிசிக் கஞ்சி போதும் என்றார் என் மாமியார். தானியம் என்று ஒரு பருக்கைகூட உள்ளே போகக் கூடாது என்று அமெரிக்காவிலிருந்து தம்பி தொலைபேசியில் சொன்னான். வெங்காயத்தையும் பூண்டையும் நிறுத்திப் பார் என்றார் எதிர்வீட்டு அக்கா. குடல் நோய் மருத்துவரோ, சாப்பாட்டையே முழுதாக நிறுத்திவிட்டு ஆறு முதல் எட்டு வாரம் டப்பாவில் வரும் சத்துமாவை மட்டும் கரைத்துக் கொடுக்கலாம் என்றார். நால்வரும் தங்களை அறியாமலே வெவ்வேறு பத்தியங்களைப் பரிந்துரைத்திருந்தார்கள். அவற்றில் மூன்றுக்கு ஆய்வுப் பெயர்களும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

எது மிகக் கடுமையோ அதுவே மிக நன்றாகக் குணப்படுத்தும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். படித்துப் பார்த்த பிறகு, தடைப் பட்டியலின் நீளத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு பத்தியத்திடமும் மூன்று கேள்விகள் கேட்டேன்: எதை எடுக்கிறது, எடுத்த இடத்தில் எதை வைக்கிறது, எந்த நாளில் முடிகிறது. எடை இழந்துகொண்டிருக்கும், வளர வேண்டிய பிள்ளையின் விஷயத்தில் முதல் கேள்வியைவிடப் பின்னிரண்டுமே முக்கியம்.

இவற்றுக்கு முன் ஒரு காரியம் முடிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் குடல் காசநோயும் கிரோன் நோயும் ஒன்றைப் போலவே தோன்றும்: வயிற்று வலி, மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண் என எல்லாமே இரண்டிலும் வரக்கூடும். எண்டோஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையும் செய்து காசநோய் இல்லை என்று தெரிந்துகொள்ளாமல் பத்தியத்தில் இறங்குவது, சிகிச்சையால் குணமாகிற ஒரு தொற்றுக்குக் கால அவகாசம் கொடுப்பதாகும். கோதுமையை நிறுத்துவதற்கும் இது பொருந்தும். கோதுமை ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். இரண்டு மாதம் நிறுத்திவிட்டுப் போய்ச் சோதித்தால், நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம்.

தம்பி சொன்னது ஸ்பெசிஃபிக் கார்போஹைட்ரேட் டயட், சுருக்கமாக எஸ்.சி.டி. இதன் வேர் நியூயார்க்கில் இருந்த சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவரிடம் இருக்கிறது. சீலியாக் நோயால் வாடிய குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை மையமாக வைத்த உணவைக் கொடுத்து அவர்கள் தேறியதை அவர் 1924இல் எழுதினார். 1950களில் பெருங்குடல் புண்ணால் அவதிப்பட்ட மகளை அவரிடம் அழைத்துச் சென்ற எலைன் காட்ஷால் என்ற தாய், மகள் குணமான பிறகு தானே அறிவியல் படித்து, இந்த முறையை உலகெங்கும் பரப்பினார். செரிக்காமல் தங்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும் குடல் கிருமிகளுக்குத் தீனியாகி அழற்சியைத் தூண்டுகின்றன என்பது அவர் விளக்கம்.

இந்த வரலாற்றில் நம் கவனத்துக்குரிய ஒரு திருப்பம் உண்டு. ஹாஸின் குழந்தைகள் ஏன் தேறினார்கள் என்பதற்கு நெதர்லாந்தின் வில்லெம் டிக்கே என்ற மருத்துவர் 1950 வாக்கில் விடை கொடுத்தார். சீலியாக் நோயில் கெடுதல் செய்வது கோதுமை போன்ற சில தானியங்களே என்று அவர் காட்டினார். வாழைப்பழப் பத்தியம் வேலை செய்ததற்கு வாழைப்பழம் காரணமல்ல. அதில் கோதுமை இல்லாததே காரணம். குழந்தைகள் குணமானது உண்மை, சொல்லப்பட்ட காரணம்தான் வேறு. ‘எங்களுக்கு வேலை செய்தது’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வருகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எது வேலை செய்தது என்பது அவர்களுக்கும் தெரியாமல் இருக்கலாம்.

எஸ்.சி.டி. எடுப்பவை: அரிசி, கோதுமை, சிறுதானியம் உட்பட எல்லாத் தானியங்களும், உருளைக்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, கொண்டைக்கடலை, பால், சர்க்கரை. வைப்பவை: இறைச்சி, மீன், முட்டை, பெரும்பாலான காய்கள், பழம், தேன், கொட்டை வகைகள், 24 மணி நேரம் உறைய வைத்த தயிர். நம் வீட்டு அளவில் சொன்னால், இட்லி, தோசை, பொங்கல், சோறு, இடியாப்பம் அனைத்தும் ஒரே நாளில் வெளியேறுகின்றன. மகனுக்குக் கொடுப்பதற்கு முன் நானும் கணவரும் ஐந்து நாள் இந்தச் சமையலைச் சாப்பிட்டுப் பார்த்தோம். பாதாம் மாவில் முட்டை அடித்து ஊற்றிய அடை, தோசைக்கல்லிலிருந்து திருப்பும்போதே மூன்று துண்டானது. திருச்சியின் மே மாதத்தில் ஐந்தாறு மணி நேரத்திலேயே புளித்துவிடும் தயிரை ஒரு நாள் முழுவதும் வெதுவெதுப்பில் வைத்திருந்தேன். மூடியைத் திறந்தபோது மேலே ஒரு விரல் உயரத்துக்கு மஞ்சள் நீர் பிரிந்து நின்றது. பாலின் சர்க்கரை முழுவதும் நொதித்துத் தீர வேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் இந்தத் தயிரைப் பெரியவர்களான எங்களாலேயே இரண்டு கரண்டிக்கு மேல் சாப்பிட முடியவில்லை. ஐந்து நாளில் கணவருக்கு ஒன்றேகால் கிலோ குறைந்தது. அவருக்கு அது மகிழ்ச்சி. 33 கிலோ பிள்ளைக்கு அதே நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. குடல் சுருங்கியிருக்கும் நோயாளிகளுக்குக் கொட்டைகளும் நார் மிகுந்த பச்சைக் காய்களும் அடைப்பை உண்டாக்கும் என்ற அச்சமும் தனியாக இருக்கிறது.

மூன்றாவது கேள்விக்கு எஸ்.சி.டி. தரும் பதில்தான் என்னை மிகவும் தயங்க வைத்தது. கடைசி அறிகுறி மறைந்து ஓராண்டு ஆகும் வரை தொடர வேண்டும் என்கிறார்கள். அறிகுறிகள் வந்து வந்து போவதே இயல்பான ஒரு நோயில், இதற்கு முடிவு நாள் இல்லை என்றுதான் பொருள்.

இதைச் சாதாரணமான, நெகிழ்வான உணவோடு நேருக்கு நேர் வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. மிதமான அறிகுறிகள் கொண்ட 194 பெரியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எஸ்.சி.டி.யும் மறுபாதிக்கு மத்தியதரைக் கடல் நாடுகளின் பாணி உணவும் 12 வாரம் கொடுத்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, ஆறாவது வாரத்தில் அறிகுறிகள் அடங்கியவர்கள் எஸ்.சி.டி.யில் 46.5 விழுக்காடு, மற்றதில் 43.5 விழுக்காடு. வேறுபாடு என்று சொல்லத்தக்கதாக அது இல்லை. பத்தியமே இல்லாத மூன்றாவது குழு ஒன்று அந்த ஆய்வில் இல்லை என்பதால், இரண்டுமே எவ்வளவு வேலை செய்தன என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதைவிட என் கண்ணில் பட்டது வேறொன்று: முதல் ஆறு வாரமும் பங்கேற்றவர்களின் வீட்டுக்குச் சமைத்த உணவே வந்து சேர்ந்தது. பாதாம் அடையைத் திருப்பும் பொறுப்பு அவர்களுக்கு இல்லை! சமைப்பவரின் களைப்பை எந்த அட்டவணையும் கணக்கில் எடுப்பதில்லை.

மத்தியதரைக் கடல் பாணி என்பது காய், பழம், பருப்பு, மீன், முழுத்தானியம், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றை மிகுதியாகவும், இறைச்சியையும் இனிப்பையும் குறைவாகவும் கொண்டது. நோய் அடங்கிய பிறகு வாழ்நாள் முழுவதும் பின்பற்ற ஏற்றது. நம் வீட்டு மீன் குழம்பும் கீரையும் அதற்கு வெகு தொலைவில் இல்லை. நோய் கிளர்ந்திருக்கும் 13 வயதுப் பிள்ளையின் எடையைத் திருப்பிக் கொண்டுவர அது மட்டும் போதாது.

எதிர்வீட்டு அக்காவின் யோசனையை விரைவாகக் கடந்துவிடலாம். மெல்போர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான லோ ஃபாட்மேப் முறையின் சாயல் அது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகைகள், பால் முதலியவற்றைச் சில வாரம் நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பது அதன் வழி. உப்புசமும் வலியும் இருந்து, புண்ணோ அழற்சியோ இல்லாத எரிச்சல் குடல் நோய்க்கு அது நன்கு பயன்படுகிறது. அக்காவுக்கு இருப்பதும் அதுதான். கிரோன் நோயில் அது வாயுவைக் குறைக்கலாம், அழற்சியைக் குறைக்காது. வலி குறைந்ததால் நோய் குறைந்ததாக நாம் நம்பிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

மருத்துவர் சொன்ன முழுத் திரவ உணவுக்குத்தான் பிள்ளைகள் விஷயத்தில் மிக நீண்ட ஆதாரம் உண்டு. கிளர்ந்த கிரோன் நோயை அடக்க, குழந்தைகளுக்கு முதல் தேர்வாக ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் இதையே சொல்கின்றன. ஸ்டீராய்டு மாத்திரை வளர்ச்சியையும் எலும்பையும் பாதிக்கும். இதுவோ எடையை ஏற்றிக்கொண்டே குடலின் உட்சுவரை ஆற்றுகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறது, ஆனால் எடுத்த இடத்தில் ஒரு நாளின் மொத்தச் சத்தையும் அளந்து வைக்கிறது, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முடிந்தும் போகிறது. என் மூன்று கேள்விகளுக்கும் தெளிவான பதில் தந்த முதல் பத்தியம் இதுதான்.

சிக்கல் நாக்கில் இருக்கிறது. நாளுக்கு 2,000 கலோரி வேண்டுமென்றால் ஏறத்தாழ இரண்டு லிட்டர், அதாவது 250 மில்லி டம்ளரில் எட்டு டம்ளர் குடிக்க வேண்டும். 400 கிராம் டப்பா ஒரு நாளைக்குச் சரியாகப் போதவில்லை என்றால் மாதச் செலவை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். வீட்டில் கடுகு தாளிக்கும் வாசனை வரும்போது ஒரு பிள்ளை வெனிலா மணக்கும் நீரைக் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். திரவத்தை முடித்துப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் பலருக்கு நோய் மீண்டும் தலைதூக்குவது இதன் இன்னொரு குறை.

அந்தக் குறையிலிருந்து பிறந்ததுதான் இஸ்ரேலின் ஆரி லெவின் குழுவினர் வகுத்த கிரோன் விலக்கு உணவு. முதல் ஆறு வாரம் பாதிக் கலோரி டப்பா மாவிலிருந்தும், மீதிப் பாதி சில குறிப்பிட்ட உணவுகளிலிருந்தும் வருகின்றன: தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, இரண்டு முட்டை, வேகவைத்து ஆறிய இரண்டு உருளைக்கிழங்கு, இரண்டு வாழைப்பழம், ஓர் ஆப்பிள் ஆகியவை தினமும் கட்டாயம். அரிசிச் சோற்றுக்குத் தடையில்லை. கோதுமை, பால், தயிர், பருப்பு, சிவப்பு இறைச்சி, பாக்கெட்டில் அடைத்து வரும் எதுவும் கூடாது. அடுத்த ஆறு வாரத்தில் டப்பா மாவு கால்வாசியாகக் குறைந்து, உணவுகள் படிப்படியாகக் கூடுகின்றன. சித்த மருத்துவத்தில் மருந்து முடிந்த பிறகும் சில நாள் காக்கும் மறுபத்தியத்தின் நினைவு எனக்கு வந்தது. 2019இல் வெளியான ஆய்வில் 74 பிள்ளைகளிடம் இதையும் முழுத் திரவ உணவையும் ஒப்பிட்டார்கள். தாக்குப்பிடித்தவர்கள் இதில் 97.5 விழுக்காடு, திரவத்தில் 73.6. ஆறாவது வாரத்தில் நோய் அடங்கிய அளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் 12ஆம் வாரம் வரை அடங்கியே இருந்தவர்கள் இதில் 75.6 விழுக்காடு, முதல் ஆறு வாரத் திரவத்துக்குப் பின் கால்வாசித் திரவத்தோடு வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியவர்களில் 45.1. இது மிதமான நோய் உள்ள பிள்ளைகளிடம் நடந்த சிறிய ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. கறியும் முட்டையும் தொடாத வீடுகளில் இதை அப்படியே கடைப்பிடிக்கவும் முடியாது. அவர்களுக்கு முழுத் திரவமே நேரான வழி என்று நினைக்கிறேன்.

நாங்கள் இந்த விலக்கு உணவைத்தான் எடுத்தோம். உணவியல் நிபுணர் எடையையும் ரத்தத்தில் இரும்பு, பி12, டி வைட்டமின் அளவுகளையும் பார்த்து அளவு எழுதிக் கொடுத்தார். மருத்துவர் தந்த மாத்திரைகளில் ஒன்றைக்கூட நிறுத்தவில்லை. இடையில் இணையத்தில் பத்தியம் சொல்லிக் கொடுக்கும் ஒருவர், மாத்திரையை நிறுத்தினால்தான் உணவு வேலை செய்யும் என்று முன்பணம் கேட்டார். மூன்று கேள்விகளையும் அவரிடம் கேட்டேன். மூன்றாவதுக்கு ‘குணமாகும் வரை’ என்றார். அங்கேயே பேச்சை முடித்துக்கொண்டேன்.

இப்போது ஒன்பதாவது வாரம். எடை 35.4 கிலோ. மலத்தில் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் அளவு 1,140இலிருந்து 310க்கு இறங்கியிருக்கிறது. 250க்குக் கீழே வர வேண்டும். காலையில் நானும் அத்தையும் ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொள்கிறோம்: முந்தின இரவே வேகவைத்து ஆறவைத்த உருளைக்கிழங்கை நான் உரிக்கிறேன், அவர் கஞ்சி வைக்கிறார். அரிசி பட்டியலில் இருந்ததால் அவருடைய கஞ்சியை யாரும் அடுப்பிலிருந்து இறக்கவில்லை. அதில் ஊற்றும் மோர் மட்டும் நின்றிருக்கிறது. 12ஆம் வார இறுதியில் மறுபடி சோதனை. அளவு இறங்காவிட்டால் ஊசி மருந்துக்கு மாறுவது என்று பத்தியம் தொடங்கிய அன்றே மருத்துவரும் நாங்களும் பேசி, தேதியையும் நாட்காட்டியில் குறித்துவைத்திருக்கிறோம்.