கம்பி விட்டுத் தண்ணியைக் கறுக்கப் பண்ணுவாங்கள், கவனம்

வவுனியா நெடுங்கேணிப் பக்கம் ஒரு கூட்டம் வீடு வீடாகத் தண்ணி பில்ட்டர் விற்றுத் திரிகிறது. பங்குனியில் எங்களிட்டை 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனவங்கள். நான் பக்கத்தில் நிற்கத்தான் வாங்கினவங்கள், அதுதான் வெட்கம்.

எங்கட குழாய்க்கிணற்றில் இரும்பு இருக்கிறது உண்மை. அள்ளும்போது பளிங்கு மாதிரி இருக்கும். ஒரு இரவு வாளியில் விட்டால் அடியில் கறள் நிற மண்டி. கேத்திலுக்குள் சுண்ணாம்பு வேறு. கிட்னி வருத்தப் பயம் இஞ்ச எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதுக்குத் தண்ணிதான் காரணம் என்று ஆராய்ச்சிக்காரரே இன்னும் அறுதியாகச் சொல்லவில்லை, ஆனால் விற்க வந்த பெடியன் அறுதியாகச் சொன்னான்.

இரண்டு கிளாஸ் வைத்தான். ஒன்றில் எங்கட தண்ணி, மற்றதில் அவன் கொண்டுவந்த போத்தல் தண்ணி. இரண்டிலும் கம்பிகளை விட்டு கரன்ட் கொடுத்தான். எங்கட தண்ணி மஞ்சளாகி, பச்சையாகி, கறுத்து நுரைத்தது. போத்தல் தண்ணி அப்படியே கிடந்தது. "அம்மா, இதைத்தான் இவ்வளவு காலமும் குடிச்சனீங்கள்" என்றான். அம்மா எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தா.

அந்தக் கறுப்பு கிணற்றில் இருந்து வந்ததில்லை, அவன்ர கம்பியில் இருந்து வந்தது. சுண்ணாம்பும் உப்பும் கரைந்த தண்ணியில் கரன்ட் ஓடும், இரும்புக் கம்பி அரிபட்டுக் கரையும். உப்பெல்லாம் எடுத்த தண்ணியில் கரன்ட் அவ்வளவாக ஓடாது, கம்பியும் அவ்வளவாகக் கரையாது.

பூட்டின சாமானுக்கு மோட்டரே வேண்டாமாம், தாங்கி உயரத்து அழுத்தத்திலேயே உள்ளே இருக்கிற மென்சவ்வு, அதாவது நுண்துளை வடி, உலோகம் முழுக்கப் பிடிக்குமாம். இரண்டு கிழமை கழித்தும் கேத்திலில் அதே சுண்ணாம்பு. தண்ணியில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கு என்று காட்டுகிற, TDS என்று போட்ட மீட்டர் ஒன்றை இரவல் வாங்கிப் பிடித்தேன்: போகும் தண்ணி 640, வரும் தண்ணி 638. கழற்றிப் பார்த்தால் உள்ளே இடியப்பம் மாதிரி வெள்ளை இழைகள். அல்ட்ரா பில்ட்ரேஷன் சவ்வு. கிருமியையும் கலங்கலையும் பிடிக்கும், அதைக் குறை சொல்லேலாது. ஆனால் இப்படியான சவ்வின் துளை பொதுவாக 0.01 மைக்ரோன் அளவு, தண்ணியில் கரைந்த உலோகத் துணிக்கை (அயனி) அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதைத் தடுக்கிற, இன்னும் நுண்ணிய துளையுள்ள நனோ, ஆர்.ஓ. சவ்வுகளுக்குப் பல பார் அழுத்தம் வேணும் (ஒரு பார் என்றால் கிட்டத்தட்ட 10 மீற்றர் உயரத் தண்ணியின் அழுத்தம்). 5 மீற்றர் உயரத்தில் இருக்கிற எங்கட தாங்கி தருவது அரை பார்.

குறைந்த அழுத்தத்தில் உலோகம் பிடிக்கிற முறையும் இருக்கிறதுதான். உலோகத்தோடு ஒட்டுகிற பொலிமரை, அதாவது நீளச் சங்கிலி மாதிரியான மருந்தைக் கலந்து, அது பெரிசானபிறகு இதே சவ்வில் வடிப்பது. அதுக்கு மருந்து அளந்து போட ஆள் வேணும், அடுப்படிச் சாமான் இல்லை. எங்கட இரும்புக்கு நாங்கள் இப்ப செய்வது, தண்ணியை உயரத்தில் இருந்து சிதற விட்டுக் காற்றுப் படவைத்து, மண்டியை அடியில் படியவிட்டு, மணலில் வடிப்பது. செலவு ஒரு பீப்பாயும் மணலும்.

காசு திரும்பவில்லை. பற்றுச்சீட்டில் முகவரி இல்லை, நம்பர் வேலை செய்யாது. போன கிழமை பக்கத்து ஒழுங்கையில் அதே ஆட்கள். போய் நின்று, அவங்கட போத்தல் தண்ணிக் கிளாஸில் அரைக் கரண்டி உப்புப் போட்டு, "தம்பி, இப்ப கம்பியை விடுங்கோ" என்றேன். விடவில்லை. வயரைச் சுற்றிக்கொண்டு மோட்டச்சைக்கிளில் ஏறிவிட்டாங்கள்.