தனியார் விமானிக்கு எந்த ஆப்? நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிய வருபவை

அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டுகிறவர்கள், பயணத்தைத் திட்டமிடவும் பறக்கும்போது வழி பார்க்கவும் உதவும் ஆப்பைப் பற்றி முதலில் கேட்பது "ஃபோர்ஃப்ளைட்டா, கார்மின் பைலட்டா?" என்றுதான். இதற்குப் பாதி விடையைக் கையில் இருக்கும் கருவியே சொல்லிவிடும். காக்பிட்டில் ஃபோர்ஃப்ளைட் ஓடுவது ஐபேடிலும் ஐபோனிலும் மட்டும்தான். ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருப்பவர் கார்மின் பைலட் பக்கம்தான் போக வேண்டும். அது ஆப்பிள், ஆண்ட்ராய்டு இரண்டிலும் ஓடும். காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் இலவசமான ஃப்ளைட்பிளான் கோ உண்டு. சார்ட் (வான்வழி வரைபடம்) பார்க்கவும் ரூட் போடவும் அது தாராளமாகப் போதும். ஐரோப்பாவில் சிறு விமானிகளிடையே ஸ்கைடெமன் பிரபலம்.

ஐபேட் வாங்கும்போது வைஃபை மட்டும் உள்ள மாடலை வாங்காதீர்கள். அதில் ஜிபிஎஸ் சிப்பே கிடையாது. செல்லுலார் மாடலில் உண்டு. சிம் போடாவிட்டாலும் வேலை செய்யும். வைஃபை மாடல்தான் இருக்கிறது என்றால், வெளியே தனி ஜிபிஎஸ் அல்லது ஜிபிஎஸ் உள்ள ஏடிஎஸ்-பி ரிசீவர் (வானிலை, மற்ற விமானங்கள் பற்றிய தகவலைப் பிடிக்கும் கருவி) இணைக்க வேண்டும்.

ஆப் எதுவானாலும், அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் விமானத்தின் புரொஃபைல், அதாவது வேகம், பெட்ரோல் செலவு, எடை போன்ற எண்கள். பலரும் மாடல் பெயரைத் தேர்ந்தெடுத்து, ஆப் தரும் எண்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். செஸ்னா 172எஸ், டேங்கின் உள்ளே அளவு காட்டும் தகடு (tab) வரை பெட்ரோல், அதாவது பயன்படுத்தக்கூடியது 35 கேலன். தூரம் 300 நாட்டிகல் மைல். காற்றில் வேகம் 120 நாட் (மணிக்கு 120 நாட்டிகல் மைல்), எதிர்காற்று 20 நாட். தரை வேகம் 100 நாட், ஆகவே 3 மணி நேரம். புரொஃபைலில் மணிக்கு 9 கேலன் என்று இருந்தால் 27 கேலன். ஸ்டார்ட், டாக்ஸி, டேக்-ஆஃபுக்கு விமானக் கையேடு சொல்லும் 1.4 கேலன், ஏறும்போது கூடுதலாக ஒரு கேலன் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 29.4. மிச்சம் 5.6 கேலன், 37 நிமிடத்துக்கு வரும். பகலில் விஎஃப்ஆர் விதிப்படி, அதாவது வெளியே கண்ணால் பார்த்து, பறப்பதற்குச் சட்டம் கேட்கும் 30 நிமிட ரிசர்வ் பெட்ரோல் இருக்கிறது. திரையில் எல்லாம் பச்சை.

அதே விமானம் நிஜத்தில் மணிக்கு 10.5 கேலன் குடிக்கிறது என்று வையுங்கள். மிக்ஸ்சரைச் சரியாக லீன் செய்யாமல் (காற்றோடு கலக்கும் பெட்ரோலைக் குறைக்காமல்) பறந்தால் இது சாதாரணம். அப்போது மொத்தம் 33.9 கேலன். மிச்சம் 1.1 கேலன், ஆறே நிமிடம். ஆப் தவறாக எதையும் கணக்கிடவில்லை. கொடுத்த எண்தான் தவறு.

அதனால் குறைந்தது ஐந்து பயணங்களுக்காவது, புறப்படும் முன்பும் இறங்கிய பிறகும் டேங்கில் டிப்ஸ்டிக் விட்டுப் பார்த்து, ஆப் சொன்னதோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். கிடைத்ததில் மோசமான எண்ணைப் புரொஃபைலில் போடுங்கள். எடைக் கணக்கும் இப்படித்தான். கையேட்டில் உதாரணத்துக்குக் கொடுத்திருக்கும் வெற்று எடை உங்கள் விமானத்தின் எடை அல்ல; அந்த விமானத்துக்கே உரிய கடைசி எடைத்தாளில் உள்ள எடையையும் மொமென்ட்டையும்தான் (சமநிலைக் கணக்குக்கான எடை × தூரம்) போட வேண்டும். ஒரு கேலன் அவ்காஸ் (விமானப் பெட்ரோல்) 6 பவுண்டு என்பதையும் ஆப் எந்த அலகில் கேட்கிறது என்பதையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது டேட்டா. அப்ரோச் பிளேட்கள் (விமான நிலையத்தில் இறங்கும் வழிமுறைப் படங்கள்) 28 நாளுக்கு ஒருமுறையும், விஎஃப்ஆர் செக்ஷனல் சார்ட்கள் (வட்டார வரைபடங்கள்) 56 நாளுக்கு ஒருமுறையும் மாறும். தரையில் வைஃபை இருக்கும்போது எல்லாம் அழகாகத் தெரியும், ஏனென்றால் ஆப் இணையத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. 4,000 அடியில் பெரிதாக்கிப் பார்த்தால் வெறும் சாம்பல் கட்டம். இதைத் தவிர்க்க முந்தின இரவே டவுன்லோடு செய்துவிட்டு, ஏர்பிளேன் மோடுக்கு மாற்றி, ஆப்பை முழுதாக மூடித் திறந்து, ரூட் நெடுகிலும் மாற்று விமான நிலையங்களின் பிளேட்களையும் திறந்து பாருங்கள். ரூட்டுக்கு வேண்டியதை எல்லாம் டவுன்லோடு செய்யும் வேலையை ஃபோர்ஃப்ளைட்டின் 'பேக்' பட்டன் நன்றாகச் செய்கிறது. நீண்ட காலப் பயன்பாட்டில் அதன் மிகச் சிறந்த வசதி இதுதான் என்பேன். ஐபேடின் தானியங்கி ஐபேட்ஓஎஸ் அப்டேட்டையும் அணைத்து வையுங்கள். புது வெர்ஷன் வந்த வாரமே ஏற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

ரேடார் படத்தை நம்புவதில் மிகுந்த கவனம் வேண்டும். ஏடிஎஸ்-பி வழியாக வரும் நெக்ஸ்ராட் (அமெரிக்க வானிலை ரேடார்) படத்தில் "5 நிமிடம்" என்று காட்டினால், அது படத்தை ஒட்டுப்போட்டு முடித்ததிலிருந்து ஆன நேரம். ஸ்கேன் எடுத்தது அதற்கும் முன்னால். உண்மையான வயது காட்டுவதைவிட 15 முதல் 20 நிமிடம் கூடுதலாக இருக்கலாம் என்று அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி 2012-லேயே எச்சரித்தது. 30 நாட் வேகத்தில் நகரும் இடிமேகம் 20 நிமிடத்தில் 10 நாட்டிகல் மைல் தள்ளிப் போயிருக்கும். திரையில் தெரியும் இடைவெளிக்குள் நுழைந்து போகத் திட்டமிடாதீர்கள். மொத்த மேகக் கூட்டத்தையும் தூரமாகச் சுற்றிப் போகத்தான் அந்தப் படம் உதவும். ஏடிஎஸ்-பி சிக்னல் தரைக் கோபுரங்களிலிருந்து வருவதால், விமானம் தரையில் நிற்கும்போது பல இடங்களில் எதுவுமே வராது.

வெயிலில் ஐபேட் அணைந்துபோவது இன்னொரு தொல்லை. ஆப்பிள் சொல்லும் இயக்க வெப்ப வரம்பு 35 டிகிரி செல்சியஸ். கண்ணாடிக்குக் கீழே வைத்தால் சீக்கிரமே அதைத் தாண்டிவிடும். பின்பக்கத்தை மூடும் கேஸைக் கழற்றி, ஏர் வென்ட் காற்று படும்படி மாட்டுங்கள். வெளிச்சத்தை முழுதாக வைத்துச் சார்ஜும் போட்டால் சூடு இன்னும் ஏறும். அதே ஆப்பை போனிலும் டவுன்லோடுகளோடு தயாராக வைத்துக்கொள்ளுங்கள். போன் பையில், நிழலில் இருக்கட்டும்.

விஎஃப்ஆர் ஃப்ளைட் பிளானை (பயணத் திட்டத்தை) ஃபோர்ஃப்ளைட், கார்மின் பைலட் இரண்டிலுமே ஃபைல் செய்யலாம். ஆனால் ஃபைல் செய்தால் மட்டும் போதாது, புறப்படும்போது அதை ஆக்டிவேட் செய்தாக வேண்டும். இறங்கியதும் குளோஸ் செய்ய வேண்டியதும் விமானிதான். டவர் இருக்கும் விமான நிலையத்தில்கூட விஎஃப்ஆர் பிளானை அவர்களாகக் குளோஸ் செய்ய மாட்டார்கள். சொன்ன நேரம் கடந்து 30 நிமிடத்துக்குள் குளோஸ் ஆகவில்லை என்றால் தேடும் வேலை தொடங்கிவிடும். இன்ஜினை நிறுத்தும் செக்லிஸ்ட்டில், மாஸ்டர் சுவிட்சுக்கு அடுத்த வரியாக இதையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.